மாலை வகுப்பில் தலையசைக்கும் பெரியவர்கள்: தொழிற்கல்லூரி ஆசிரியர்கள் என்ன செய்கிறீர்கள்?

மாலைவகுப்பு (ஸ்காபரோ):

வணக்கம். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு தனியார் தொழிற்கல்லூரியில் மூன்று ஆண்டுகளாக பிஎஸ்டபிள்யூ (பர்சனல் சப்போர்ட் வேர்க்கர்) பாடநெறியைக் கற்பித்து வருகிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம்: முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் இயலாதவர்களைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, உணவூட்டுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது ஆகிய வேலைகளைச் செய்யும் பராமரிப்பு உதவியாளர்களுக்கு இங்கே அந்தப் பெயர்.

வகுப்பு மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகிறது. பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். இளையவருக்கு 22 வயது, மூத்தவருக்கு 57. பாதிக்கு மேற்பட்டோர் பகல் முழுவதும் கிடங்கிலோ தொழிற்சாலையிலோ நின்று வேலை செய்துவிட்டு, பேருந்திலேயே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து அமர்கிறவர்கள். சொந்த நாட்டில் தாதியாகவும் ஆசிரியராகவும் வங்கி அலுவலராகவும் இருந்தவர்களும் அவர்களிடையே உண்டு.

"விளங்கியதா?" என்று கேட்டால் பதினெட்டுத் தலைகளும் அசைகின்றன. மறுநாள் செய்முறை அறையில், இடப்பக்கம் செயலிழந்த ஒருவருக்குச் சட்டை அணிவிக்கும்போது எந்தக் கையை முதலில் நுழைப்பீர்கள் என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். ஆறாம் வாரத்தில் 46 வயதான ஒருவர் நின்றுவிட்டார். அவரைப்போல உழைப்பாளியை நான் அதிகம் கண்டதில்லை. வேலை நேரம் மாறிவிட்டது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மேலிடத்தில் கேட்டேன். "அவர்களுக்கு ஊக்கம் கொடுங்கள்" என்றார்கள். வென்றவர்களின் காணொளிகளைக் காட்டலாம், வினாடி வினா வைத்துச் சொக்லேட் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு முறை கொடுத்தும் பார்த்தேன். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு அம்மா அந்தச் சொக்லேட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்த விதத்தைப் பார்த்தபின் எனக்கே கூச்சமாகிவிட்டது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, தூக்கத்தை விற்று வந்து உட்கார்ந்திருப்பவருக்கு நான் எந்த ஊக்கத்தைப் புதிதாக ஊட்டுவது? வயது வந்தோருக்குக் கற்பிக்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கரும்பலகை (மிசிசாகா):

உங்கள் கடைசிக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. வயது வந்த மாணவர் ஊக்கத்தோடுதான் வருகிறார், நாம்தான் வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அதை உடைக்கிறோம் என்பது பன்னிரண்டு ஆண்டுகள் சம்பளக் கணக்குப் பதிவு கற்பித்தபின் எனக்கு ஏற்பட்ட எண்ணம்.

முதலில் "விளங்கியதா?" என்ற கேள்வியை நிறுத்திவிடுங்கள். நம் ஊரிலும் பிலிப்பைன்ஸிலும் நைஜீரியாவிலும் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு, ஆசிரியர் அப்படிக் கேட்டால் தலையசைப்பது மரியாதை. விளங்கவில்லை என்று சொன்னால் நீங்கள் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று குற்றம் சாட்டியதுபோல ஆகிவிடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்தத் தலையசைப்பில் பாடத்தைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை.

அதற்குப் பதிலாக, வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் முந்தைய வகுப்பிலிருந்து மூன்று கேள்விகளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். புத்தகம் மூடியிருக்க வேண்டும், மதிப்பெண் கிடையாது, தாள் அவர்களிடமே இருக்கட்டும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தவர்களையும், ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னே நின்றார்கள்: 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகி, படித்தவர்களுக்கு 40 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடும் நினைவில் நின்றன. அது பல்கலைக்கழக இளைஞர்களிடம் நடந்த சோதனை, எட்டு மணி நேரம் பெட்டி தூக்கிவிட்டு வந்தவர்களிடம் நடந்ததன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் வகுப்பில் கண்டதும் அதையே ஒத்திருக்கிறது. வீட்டில் படிக்க நேரமே இல்லாதவருக்கு வகுப்புக்குள்ளேயே நினைவுகூரும் வாய்ப்பைத் தருவதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, வாரக் கடைசியில் பெயர் எழுதாத துண்டுச் சீட்டு. ஸ்டீபன் புரூக்ஃபீல்டு என்ற வயதுவந்தோர் கல்வி அறிஞர் ஐந்து கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வைத்திருக்கிறார்: இந்த வாரம் எந்தத் தருணத்தில் மனம் மிகவும் ஒன்றியது, எப்போது விலகியது, யாருடைய எந்தச் செயல் உதவியது, எது குழப்பியது, எது வியப்பளித்தது. நான் இரண்டே கேள்விகளாகச் சுருக்கி, எந்த மொழியிலும் எழுதலாம் என்று சொல்லிவிடுவேன். அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் அவற்றுக்கு உரக்கப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் வாரத்திலிருந்து வெற்றுத் தாள்தான் வரும்.

இரவுப்பணி (பிரம்டன்):

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பதிவுபெற்ற தாதியாக இருபது ஆண்டுகள் பணியாற்றியவன். இப்போது வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து பிளேஸ்மென்டுக்கு, அதாவது வேலையிடப் பயிற்சிக்கு, வரும் பிஎஸ்டபிள்யூ மாணவர்களை முதியோர் இல்லத்தில் மேற்பார்வை செய்கிறேன். நீங்கள் வகுப்பில் விதைப்பதை நான்தான் அறுவடை செய்கிறேன். அந்த அறுவடை பல நேரங்களில் நன்றாக இல்லை.

"மாணவரை நோகவிடாதீர்கள்" என்ற பேச்சு, கொஞ்சம் கொஞ்சமாகத் தரத்தை விட்டுக்கொடுப்பதில் போய் முடிகிறது. நடக்க இயலாதவரைப் படுக்கையிலிருந்து தூக்கி மாற்றும் கருவியான ஹோயர் லிஃப்டில் ஒருவரைத் தூக்கும்போது இரண்டு பேர் நிற்க வேண்டும், தூக்குப் பட்டையின் கொக்கிகளை இருவரும் சரிபார்க்க வேண்டும். அதை மூன்று முறை தவறாகச் செய்த ஒருவரை "பாவம், களைத்துப்போய் வருகிறார்" என்று தேர்ச்சியாக்கி அனுப்பினால், தொண்ணூறு வயது மூதாட்டியின் இடுப்பெலும்பு அதற்கு விலை கொடுக்கும். ஒன்ராறியோவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை வைத்தது. அதற்கு ஆட்கள் வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்துவிடும் மனநிலை வளர்ந்துவிட்டது என்பது என் குற்றச்சாட்டு.

இன்னொன்று, வயது வந்தவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்று அமெரிக்க வயதுவந்தோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் சொன்னதாக எல்லா ஆசிரியர் பயிற்சியிலும் ஓதுகிறார்கள். அவருடைய நூலின் 1970ஆம் ஆண்டுப் பதிப்பு, வயதுவந்தோர் கல்வியையும் சிறுவர் கல்வியையும் ஒன்றுக்கொன்று எதிராகத்தான் தலைப்பில் நிறுத்தியது. 1980இல் திருத்திய பதிப்பு வந்தபோது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்வது என்று அவரே அந்தத் துணைத்தலைப்பை மாற்றிவிட்டார். தமக்குப் புதிதான துறையில் நுழையும் ஐம்பது வயதுக்காரர் தொடக்கத்தில் சிறுவரைப் போலவே கைபிடித்து நடத்தப்பட வேண்டியவர். அவருக்குக் கண்டிப்பும் தெளிவும் தேவை. நேரத்துக்கு வருவதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் காலை ஏழு மணிக்குப் பணி மாறும்போது நீங்கள் வரவில்லை என்றால், இரவு முழுவதும் வேலை பார்த்த இன்னொரு பெண் வீட்டுக்குப் போக முடியாது.

பட்டறைத்தூசு (கோயம்புத்தூர்):

என் துறை வேறு. கணபதிப் பக்கம் மாலை நேரத்தில் சி.என்.சி., அதாவது கணினிக் கட்டளையில் ஓடும் உலோக வெட்டு இயந்திரம், ஓட்டக் கற்றுத்தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் கையால் இயக்கும் பழைய லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) பதினைந்து இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். பட்டறையில் லேத்தை எடுத்துவிட்டு சி.என்.சி. போட்டதும் இடம் பறிபோய்விடுமோ என்று பயந்து வருகிறவர்கள்.

ஐம்பத்திரண்டு வயதான ஒருவர், விசைப்பலகையைத் தொடவே மாட்டார். மற்றவர்கள் இயந்திரத்துக்கான கட்டளைகளை (ஜி-கோடு) எழுதும்போது சுவரோரம் நிற்பார். ஒரு நாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது, "டூல் மழுங்கிவிட்டது, நிறுத்துங்கள்" என்று அங்கிருந்தே சொன்னார். எடுத்துப் பார்த்தால் அதன் வெட்டும் துண்டான இன்சர்ட்டின் முனை உடைந்திருந்தது. சத்தத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மீதி வகுப்பை அவரையே எடுக்கச் சொன்னேன்: எந்த உலோகத்துக்கு எந்தச் சத்தம், ஃபீடு (டூல் முன்னேறும் வேகம்) கூடினால் எப்படி, வெட்டி விழும் உலோகச் சில்லு நீல நிறமாக வந்தால் என்ன பொருள். இருபத்திரண்டு வயதுப் பையன்கள் குறிப்பெடுத்தார்கள். அடுத்த வாரம் அவர் என்னிடம் வந்து, "அந்த ஜி ஜீரோ ஒன்று என்பது நாம் கையால் ஃபீடு கொடுப்பதுதானே, ஜி ஜீரோ ஜீரோ என்றால் வெட்டாமல் வேகமாக நகர்த்துவது, சரியா?" என்று கேட்டார். ஆறு வாரமாக நான் கத்தியதை அவர் தன் கைப்பழக்கத்தின் மொழியில் பெயர்த்துக்கொண்டுவிட்டார்.

பிரம்டன் நண்பர் கண்டிப்பைப் பற்றிச் சொன்னதும் உண்மைதான். எங்கள் வேலையில் சில கண்ட்ரோலர்களில் புள்ளி வைக்காமல் 50 என்று அடித்தால் இயந்திரம் அதை 50 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளாது, 50 மைக்ரானாக எடுத்துக்கொள்ளும். ஒரு புள்ளியை மறந்தால் டூலும் போகும், செய்துகொண்டிருக்கும் பொருளும் போகும். ஆனால் புள்ளியை மறந்தவனை எல்லோர் முன்னிலும் திட்டினால், அடுத்த முறை மறந்ததை மறைப்பான். இயந்திரத்தின் பக்கத்தில் தவறுகளை எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் முதல் மூன்று பக்கங்களும் என்னுடைய தவறுகள்.

இது சற்று விலகல்தான், ஆனாலும் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். படிக்க வாருங்கள் என்று கூப்பிட்டபோது தயங்கியவர்கள்கூடச் சைக்கிளுக்காக வந்தார்கள் என்று அந்தக் காலத்துத் தொண்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்களுக்குத் தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் அடுத்த நாளே சைக்கிள் பயன்பட்டது. நாளைக் காலையில் பயன்படுவது எது என்று பார்த்து, பாடத்தை அங்கிருந்து தொடங்குவது என் வழக்கம்.

பழைய மாணவி:

நான் ஆசிரியை அல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு மாலை வகுப்பின் கடைசி வரிசையில் இருந்தவள். இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் நிரந்தர வேலையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் வகுப்பில் வாய் திறக்காததற்கு முதற்காரணம் பாடமன்று, என் ஆங்கில உச்சரிப்பு. விடை தெரிந்திருந்த நேரங்களிலும், அந்த வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்து முடிப்பதற்குள் இன்னொருவர் சொல்லிவிடுவார். ஆசிரியை கேள்வி கேட்டுவிட்டு இருபது விநாடி பொறுத்திருந்தால் நானும் பேசியிருப்பேன். பிறகு வந்த ஓர் ஆசிரியை முதலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லி, அதன்பின் கேட்பார். அந்த ஒரு மாற்றத்தால் எனக்கு வாய் வந்தது.

மேசைக்குக் கீழே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு முறை எல்லோர் முன்னிலும் கண்டிக்கப்பட்டேன். ஒன்பது வயது மகன் வீட்டில் தனியாக இருந்தான். கதவைப் பூட்டிவிட்டேன் என்று அவன் அனுப்பும் செய்திக்காகக் காத்திருந்தேன். அதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? அன்றிரவு லோரன்ஸ் கிழக்குப் பேருந்தில் வீடு திரும்பும்போது, இனிப் போவதில்லை என்று முடிவே எடுத்துவிட்டேன். மறுநாள் நான் வராததைப் பார்த்து அதே ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "நேற்று செய்த பாடத்தின் தாள் உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்கு ஐந்தேகாலுக்கு வந்தால் பத்து நிமிடத்தில் சொல்லித்தருவேன்" என்றார். நான் திரும்பிப் போனதற்குக் காரணம் அந்த அழைப்புத்தான். வேலை இழந்தவர்களின் படிப்புச் செலவுக்கு அரசு தரும் பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ உதவியில் படித்த தோழி ஒருத்திக்கு, இடையில் விட்டால் அந்த உதவி என்னாகுமோ என்ற பயமும் சேர்ந்திருந்தது. பயத்தால் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்க முடிகிறது, கற்க முடிவதில்லை என்று அவள் சொல்வாள்.

இரவுப்பணி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. உங்களைப் போன்ற ஒரு கண்டிப்பான மேற்பார்வையாளரிடம்தான் நான் லிஃப்ட் பழகினேன். அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அவர் கண்டித்த ஒவ்வொரு முறையும் என் கையைப் பற்றிப் பேசினார், என்னைப் பற்றிப் பேசியதில்லை.

மாலைவகுப்பு (ஸ்காபரோ):

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில்களைப் படித்தபின் சிலவற்றைச் செய்து பார்த்தேன். அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த 46 வயதுக்காரர் நின்றதற்கு முந்தைய வகுப்பில் நான் சிறு தேர்வொன்றின் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். பதிவேட்டில் ஏற்ற வசதியாக அவற்றை மதிப்பெண் வரிசையில் அடுக்கியிருந்தேன். அதே வரிசையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் விட்டேன். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் எல்லோருக்கும் வரிசை புரிந்துவிட்டது. அவருடைய பெயர் கடைசியில் வந்தது. எந்தத் தீய எண்ணமும் இல்லாமல், சோம்பலால் செய்தேன். பழைய மாணவி எழுதியதைப் படித்த இரவில்தான் அது நினைவுக்கு வந்து உறைத்தது.

இன்னொரு நிகழ்வு. தன் நாட்டில் பதினொரு ஆண்டுகள் மருத்துவமாதாக, அதாவது பிரசவம் பார்ப்பவராக, வேலை பார்த்த ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார். கை கழுவ வேண்டிய தருணங்கள் எத்தனை என்ற கேள்விக்கு ஐந்து என்று எழுதினார். ஒன்ராறியோவில் நாங்கள் நான்கு என்று கற்பிப்பதால் சிவப்பு மையால் வெட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதன்பின் வகுப்பில் பேசுவதை நிறுத்திவிட்டார். பிறகு ஆறுதலாக உட்கார்ந்து பார்த்தபோது, உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது என்பதும், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சூழ்ந்த பொருட்களைத் தொட்டபின் என அங்கே தனித்தனியாக நிற்கும் இரண்டை ஒன்ராறியோ ஒன்றாகச் சேர்த்து நான்காக்கியிருக்கிறது என்பதும் விளங்கின. இரண்டும் ஒன்றே. அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அடுத்த வகுப்பில் இதை எல்லோரிடமும் சொல்லி, அந்த ஐந்தையும் பலகையில் எழுதி விளக்கும்படி அவரைக் கேட்டேன். தேர்வில் நான்கு என்று எழுத வேண்டிய காரணத்தையும் அவரே சொன்னார். இப்போது செய்முறை அறையில் பாதிப் பேர் என்னைவிட அவரிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள். கோயம்புத்தூர் நண்பரின் லேத் தொழிலாளி நினைவுக்கு வந்தார்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று தட்டுப்பட்டது. பராமரிப்பு வேலையின் அடிப்படையாக முதல் வாரத்திலேயே நாங்கள் ஐந்து கொள்கைகளைச் சொல்லித்தருகிறோம்: கண்ணியம், தற்சார்பு, விருப்பத்தேர்வு, அந்தரங்கம், பாதுகாப்பு. ஒருவரைக் குளிப்பாட்டும்போது கதவை மூடு, திரையை இழு, அவரால் முகம் கழுவ முடியுமென்றால் துணியை அவர் கையில் கொடு, எந்தச் சட்டை வேண்டும் என்று கேள். இவற்றில் ஒன்றையாவது நான் என் மாணவர்களுக்குச் செய்தேனா? மதிப்பெண்ணை ஊரறியச் சொன்னேன். அவர்களே சொல்லக்கூடிய விடையைப் பொறுமையின்றி நானே சொன்னேன்.

ஆகவே தாள்களை இப்போது மடித்து, கண்டபடி கலைத்துக் கொடுக்கிறேன். முதல் பத்து நிமிடம் மூன்று கேள்விகள், அதன்பின் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு. சட்டைக் கேள்விக்கு இப்போது எல்லோரும், பலவீனமான பக்கத்துக்கு முதலில் அணிவிக்க வேண்டும், கழற்றும்போது பலமான பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று காரணத்தோடு சொல்கிறார்கள். சென்ற வியாழக்கிழமை ஒருவருக்கொருவர் உணவூட்டும் பயிற்சி வைத்தேன். ஊட்டப்படுபவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். தயிரையும், மாவு கலந்து கெட்டியாக்கிய பழச்சாற்றையும் கொண்டு போயிருந்தேன். முதலில் சிரிப்பு. ஐந்து நிமிடம் கழித்து அறை அடங்கிவிட்டது. விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த கரண்டி வாயருகே வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று ஒருவர் தொடங்கினார், ஒன்பதே முக்கால் வரை யாரும் எழுந்து போகவில்லை. மணியை நான்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். துண்டுச் சீட்டு என் வகுப்பில் எடுபடவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைக்கிறார்கள் போலும். "எல்லாம் நன்று" என்றே பதினைந்து சீட்டுகள் வந்தன. இரண்டு பேர் இன்னும் அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் எதை மாற்றினாலும் அதிகாலை நான்கு மணி வேலை மாறப்போவதில்லை.

வடமராட்சி:

யாழ்ப்பாணத்தில் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் கட்டட வேலை கற்பிக்கிறேன். எங்கள் பயிற்சி பெரும்பாலும் இலவசம் என்பதால், கடன் வாங்கிப் படிக்கும் கனடா மாணவரின் அழுத்தம் இங்கே இல்லை. இடைநடுவில் விட்டுப் போவதும் இலகுவாக இருக்கிறது. ஆனால் முன்னனுபவத்தை மதிப்பது பற்றி நீங்கள் எழுதியதற்கு எங்களிடம் ஒரு முறையான வழி உண்டு. இலங்கையின் ஏழு நிலைகள் கொண்ட தேசிய தொழிற்றகைமைக் கட்டமைப்பில், முன்னர் கற்றதை அங்கீகரித்தல் என்ற ஏற்பாடு இருக்கிறது. இருபது வருடம் மேசன் வேலை செய்த ஒருவர் வகுப்பில் உட்காராமலே, தன் வேலைகளின் சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். அப்படிப் பெற்றவர்களில் சிலர் அடுத்த நிலைக்குப் படிக்கத் தாமாகவே வருகிறார்கள். தெரிந்ததைத் தெரியும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தபின், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு வெட்கம் குறைந்துவிடுகிறது.

இரவுப்பணி (பிரம்டன்):

மாலைவகுப்பு அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். ஐந்து கொள்கைகளில் நீங்கள் விரித்தெழுதாத ஐந்தாவதை நான் பிடித்துக்கொள்கிறேன்: பாதுகாப்பு. அதில் நான் இன்னும் நகரவில்லை. ஆனால் பழைய மாணவி எழுதிய "கையைப் பற்றிப் பேசினார்" என்ற வரிக்கு என்னிடம் மறுப்பில்லை. என் பேச்சை ஒரு வாரம் கவனித்துப் பார்த்தேன். "உங்களுக்கு எத்தனை முறை சொல்வது" என்று ஒரே நாளில் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

ஆகவே ஒரு நடைமுறையை மாற்றியிருக்கிறேன். திறன் பட்டியலில் தேர்ச்சி, தோல்வி என்று குறிப்பதற்கு முன், "இன்னும் இல்லை" என்று பென்சிலால் எழுதி, என்ன குறை என்பதையும் எந்த நாளில் மீண்டும் செய்து காட்ட வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதுகிறேன். கொக்கி, பட்டை, சக்கரப்பூட்டு, இரண்டாம் ஆள் என்ற வரிசையில் அளவுகோல் அப்படியேதான் இருக்கிறது. ஒரு புள்ளிகூடத் தளர்த்தவில்லை. ஒருவர் நான்காம் முறையில் தேறினார். அவரை முதல் நாளிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிளேஸ்மென்டுக்கு அனுப்புமுன், யாருக்கு எந்தத் திறன் இன்னும் கைவரவில்லை என்று எனக்கு மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். இருபது பேரும் எல்லாவற்றிலும் தேர்ச்சி என்ற தாளை நான் நம்புவதில்லை.

கரும்பலகை (மிசிசாகா):

துண்டுச் சீட்டு எடுபடாததற்கு ஒரு யோசனை. எழுதச் சொல்லாமல், வெளியே போகும்போது கதவோரம் மூன்று டப்பாக்களில் ஒன்றில் ஒரு பொத்தானையோ புளியங்கொட்டையையோ போடச் சொல்லுங்கள்: பாடம் வேகமாகப் போனது, மெதுவாகப் போனது, சரியாக இருந்தது. கையெழுத்து இல்லை, மொழியும் வேண்டாம். அரைத்தூக்கத்தில் இருக்கும் இருவரைச் செய்முறையின்போது முதலில் நிற்க வையுங்கள், கடைசி ஒரு மணி நேரத்தில் விரிவுரை வைக்காதீர்கள். அதற்கு மேல் உங்களால் ஒன்றும் ஆகாது. அதை உங்கள் தோல்வியாக எழுதிக்கொள்ளவும் தேவையில்லை.

மாலைவகுப்பு (ஸ்காபரோ):

டப்பா யோசனைக்கு நன்றி, வீட்டில் புளியங்கொட்டை நிறையவே இருக்கிறது. இரவுப்பணி ஐயா கேட்ட பட்டியலை இந்த முறை மறைக்காமல் அனுப்புகிறேன். லிஃப்டில் நான்கு பேருக்கு இன்னும் கைவரவில்லை.

நின்றுபோனவரை நேற்று அழைத்தேன். முதலில், தாள்களை அப்படிக் கொடுத்தது என் தவறு என்று சொன்னேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லாமல், வேலை நேரம் உண்மையிலேயே மாறியதாகவும், கிடங்கில் இப்போது இரவு முறை என்றும் சொன்னார். பிறகு சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, செப்ரெம்பரில் பகல் வகுப்புத் தொடங்குமா, ஏற்கெனவே முடித்த பகுதிகளை மறுபடி படிக்க வேண்டுமா, கட்டிய பணம் என்னாகும் என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் விடையில்லை. திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் கேட்டு எழுத்தில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.